தடுப்புக் கம்பத்துக்கு இந்தப் பக்கம்

ஆம்புலன்ஸ் ஓட்டுவதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. யாரும் நம்மோடு மல்லுக்கு நிற்க மாட்டார்கள். லாரிக்காரன் ஒதுங்குவான், கர்னலின் ஜீப் ஒதுங்கும், நடு ரோட்டில் படுத்திருக்கும் மாடுகூட எழுந்து ஒதுங்கும். பட்டாளத்தில் நான் பார்த்த வேலைகளில் எனக்கு எல்லாரும் வழிவிட்ட ஒரே வேலை அதுதான். ஆகவே, ஐயா, வேலை பிடிக்காமல் இப்படிச் செய்துவிட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வேலை எனக்குக் கொள்ளைப் பிரியம்.

இந்த வாக்குமூலத்தில் எதையும் மறைக்கப்போவதில்லை. பஞ்சு ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பான். ஆனால் அவன் சொன்னதில் பாதி அழுகையாக இருந்திருக்கும், உங்களுக்கு விளங்கியிருக்காது. வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே வருகிற மருத்துவ உதவியாளன் அவன். மனசு மெத்தென்று இருப்பதால் அந்தப் பெயரை வைத்தது நான்தான். அவன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நல்ல பிள்ளை.

முன்னணி முகாமிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரே ரோடு. முதலில் குண்டும் குழியுமாக மண் ரோடு, அப்புறம் தண்ணீர் இல்லாத ஓடை ஒன்று, ஓடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்த தடுப்புக் கம்பம். கம்பத்தைத் தூக்கி இறக்க ஒரு காவலர் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டே சல்யூட் அடிப்பார், கண்ணை மூடிக்கொண்டே கம்பத்தைத் தூக்குவார். அந்தப் பக்கம் தார் ரோடு, நிழல் மரங்கள், ஆஸ்பத்திரி. இந்தப் பக்கம் போர்ப் பகுதி.

அந்தக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒருவனுக்கு உயிர் போனால் அது களத்தில் மரணம். மனைவிக்கு ஆயுள் முழுக்க முழுச் சம்பளம், குடியிருக்கச் சொந்த வீடு, பிள்ளைகளின் படிப்புச் செலவு. அந்தப் பக்கம் போய் உயிர் போனால் சிகிச்சையில் மரணம். கொஞ்ச காலத்துக்குப் பாதிச் சம்பளம், பிறகு கையை விரித்துவிடுவார்கள், குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும். விழுந்தது ஒரே குண்டுதான். செத்த இடம்தான் வேறு. இந்த விதியை எழுதியவர் ஒரு நாளாவது ஆம்புலன்ஸில் உட்கார்ந்திருப்பாரா என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். ஆனால் அவரையும் குற்றம் சொல்லவில்லை.

என் தங்கை புருஷனும் அவனுடைய கூட்டாளியும் ஒரே பதுங்கு குழியில் இருந்தார்கள். கூட்டாளியை நெட்டையன் என்று கூப்பிடுவோம். குடியிருப்பிலும் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சுவர். ஒரு குண்டு விழுந்து இரண்டு பேரையும் சாய்த்தது. இருவரையும் என் வண்டியில்தான் ஏற்றினார்கள். சொந்த மச்சான், ஐயா. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி பறந்தேன். ஓடைக்குப் பக்கத்தில் நெட்டையனின் மூச்சு நின்றுவிட்டது. மச்சானை உயிரோடு கொண்டுபோய் இறக்கினேன். சர்ஜன் என் தோளில் தட்டி, இந்த ரோட்டில் இந்த வேகமா என்று மூக்கின் மேல் விரலை வைத்தார்.

மச்சான் சில நாள் இருந்தான். ஜூஸ் குடித்தான். "உன் வண்டியில வந்ததுக்கு அப்புறம்தான் மச்சான் எனக்கு இடுப்பு வலியே" என்று வார்டு முழுக்கச் சிரிக்கவைத்தான். அப்புறம் காய்ச்சல் வந்தது, போய்விட்டான்.

நெட்டையன் மனைவிக்கு முன்பக்கம் மஞ்சள் வண்ணம் அடித்த வீடு கிடைத்தது. என் தங்கைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. என் வீட்டின் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு பெண்களுக்கும் நடுவே பொறாமை இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். நெட்டையன் மனைவி ஞாயிறு தவறாமல் வருவாள். அப்படி ஒரு ஞாயிறு நாங்கள் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். தங்கை என் முகத்தைப் பார்த்து, "ஏண்ணே, நீ அன்னைக்குக் கொஞ்சம் மெதுவா ஓட்டித் தொலைச்சிருந்தா என்ன?" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நெட்டையன் மனைவிக்கும் தொற்றிக்கொண்டது. வாயிலிருந்த டீயெல்லாம் மேஜை மேல். நானும் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை மூன்று பேரும் சிரித்தோம். வீட்டுக்காரர் மேல்மாடியிலிருந்து தரையைத் தட்டி என்ன கூத்து என்று கேட்டார். மச்சான் போனபிறகு என் தங்கை சிரித்து அன்றுதான் பார்த்தேன். என் மனசு காற்றில் பறக்கிற பை மாதிரி லேசாகிவிட்டது.

அதற்குப் பிறகும் நான் முறைப்படிதான் போனேன். நலப்பிரிவு அதிகாரியைப் பார்த்து நியாயம் கேட்டேன். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"கோடுன்னு ஒண்ணை எங்கயாவது போட்டுத்தானேப்பா ஆகணும்" என்றார்.

"அதை ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கமாப் போட்டா என்ன சார்?"

"அப்புறம் வீட்டுக்குப் போய்ச் செத்தவனுக்கும் கேப்பீங்க."

அவர் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கோட்டை நகர்த்த அவருக்கு அதிகாரம் இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் வண்டி என் கையில் இருந்தது.

முதல் ஆள் முகாம் சமையல்காரர். வயிற்றில் அடி. பஞ்சு பின்பக்க ஜன்னலைத் தள்ளி, "ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாலும் இன்னைக்குப் பொழுது தாங்காதுண்ணே" என்றான். சமையல்காரருக்கு வரிசையாகப் பெண் பிள்ளைகள். என் கால் தானாகவே தளர்ந்தது. ஓடைக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, எஞ்சினின் முன்மூடியைத் திறந்துவைத்தேன். வண்டி சூடாகிவிட்டது என்றேன். பஞ்சு அதை நம்பினான். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. மூடியைச் சாத்திவிட்டு ஏறினேன். காவலர் கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தைத் தூக்கினார்.

அந்தக் குடும்பம் புது வீட்டுக்குப் போன அன்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. ஒவ்வோர் அறையாக ஓடி விளக்கைப் போட்டு அணைக்கிறார்கள். குழாயைத் திறந்து மூடுகிறார்கள். சின்னவள் அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, இது என் ரூம் என்று இறங்கவே மாட்டேன் என்கிறாள். அவர்களுடைய அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "அவரு கூடக் கடைசி வரைக்கும் இருந்தது நீங்கதானாமே. உங்களுக்கு நான் என்ன செய்யப்போறேன் அண்ணே" என்றாள். வெளியே வந்து நடந்தேன். தலைகால் புரியாத சந்தோஷம். சைக்கிளை அவர்கள் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டபோதும் சீட்டியடித்துக்கொண்டுதான் போனேன்.

அந்தக் காலம் என் வாழ்க்கையிலேயே இனிமையான காலம். எத்தனை பேர் என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் விசாரித்தால் தெரியும், நான் எண்ணவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வீடுகள்தான். ஒரு வீட்டில் பாட்டுப் பெட்டி வாங்கியிருந்தார்கள், என்னை நடுக்கூடத்தில் நிறுத்தி ஆடவைத்தார்கள். இன்னொரு வீட்டில் பையன் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான், தப்பாகச் சொன்னால் காதைத் திருகுவான். குடியிருப்பில் நான் நடந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் அண்ணே, மாமா என்று குரல் கேட்கும். கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு ஒரு தெரு முழுக்கச் சொந்தக்காரர்கள்.

முதலில், பஞ்சு கையை விரித்தவர்களுக்கு மட்டும்தான் வண்டி சூடானது. பிறகு, பஞ்சு உதட்டைப் பிதுக்கினாலும் சூடானது. அதற்கும் பிறகு நான் பஞ்சுவைக் கேட்பதை விட்டுவிட்டேன். அவனுக்குக் காயம் தெரியும், குடும்பம் தெரியாது. ஆகவே ஏற்றும்போதே அடிபட்டவனிடம் நேராகப் பேச்சுக் கொடுப்பேன். எத்தனை பிள்ளைங்க, சொந்த வீடா, அம்மா அப்பா யார் கூட இருக்காங்க என்று கேட்பேன். அந்த நிலைமையில் இருக்கிறவனுக்குக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் எவ்வளவு ஆறுதல் தெரியுமா. சிலர் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

கல்யாணம் ஆகாதவர்களை நான் காற்றாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். உடம்பெல்லாம் சல்லடையாக வந்த ஒரு தபால் பிரிவுக்காரன் இன்றைக்கும் எங்கோ ஜம்மென்று உலாத்திக்கொண்டிருக்கிறான்.

பஞ்சுவுக்கு எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு டிரைவரை ஏற்றி வந்தோம், இரட்டைக் குழந்தைக்காரர். பின்னாலிருந்து, "மிதிங்கண்ணே, இவரு பொழைச்சுக்குவாரு" என்றான்.

"ரோடு சரியில்லடா" என்றேன்.

"ரோடு என்னைக்குண்ணே சரியா இருந்துச்சு?"

நான் வண்டியை நிறுத்தி முன்மூடியைத் திறக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. அதன்பிறகு வழியெல்லாம் என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டான். ஆனாலும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அவனுக்கும் அந்தக் குடியிருப்பில் ஒரு அக்கா இருந்தாள். அவள் புருஷனும் தார் ரோட்டுப் பக்கம் செத்தவன்தான்.

இதற்கிடையில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தார் ரோட்டுப் பக்கத்து விதவைகள் எல்லாரும் ஒன்றுசேர்ந்து தலைமை அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் என் தங்கை. வாய் திறந்து நாலு பேர் முன்னால் பேசாதவள், ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "எங்க வீட்டுக்காரங்க என்ன கோட்டுக்கு அந்தப் பக்கம் சுற்றுலாவா போனாங்க?" என்று கேட்டாளாம். மழையிலும் வெயிலிலும் எழுந்திருக்கவில்லை. மஞ்சள் வீட்டுப் பெண்களும், தங்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்ட பிறகும், வந்து கூடவே உட்கார்ந்தார்கள். நான்தான் அவர்களுக்கெல்லாம் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு காலை, வண்டிக் கொட்டகையில் நான் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். சலவைக்கூடத்து நனைந்த மேலங்கியோடு தங்கை ஓடிவந்தாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது.

"அண்ணே, கோட்டை எடுத்துட்டாங்க. எங்க செத்திருந்தாலும் இனிமே ஒரே மாதிரியாம். எனக்கும் உண்டாம். பழசையும் சேர்த்துத் தர்றாங்களாம்."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றினாள். பின்னாலேயே ஒரு பட்டாளம் பெண்கள் வந்துவிட்டார்கள். யாரோ சைரனைப் போட்டுவிட்டார்கள், யாரோ டீசல் பீப்பாயில் தாளம் தட்டினார்கள். நெட்டையன் மனைவி மெக்கானிக்கின் தொப்பியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாள். கொட்டகையே கிறுகிறுத்துச் சுழன்றது. பஞ்சு அழுதுகொண்டே சிரித்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, காதோடு கேட்டான்.

"இனிமே வண்டி சூடாகாதுல்லண்ணே?"

"ஆகாதுடா" என்றேன். அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆகியிருக்க வேண்டும். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

எனக்கும் சந்தோஷம்தான். யார் இல்லை என்றார்கள். தங்கைக்கு வீடு வந்தது. பச்சை வண்ணம் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள்.

இப்போது பாலம் போடுகிற பிரிவுக்காரனைப் பற்றிச் சொல்கிறேன். கோட்டை எடுத்து ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டிருந்தது. அவனுக்குத் தொடையில் அடி, ரத்தக்குழாய் அறுந்திருந்தது. பஞ்சு அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்றபடி ஆள் ரொம்பக் குஷியான பேர்வழி. ஏற்றும்போதே பாடிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல வீட்டைப் பற்றி விசாரித்தேன். மனைவி, ஒரு கைக்குழந்தை, வாடகை வீடு.

"கால் போயிடும்னு சொல்றாங்கண்ணே. போனாப் போகட்டும். ரெண்டு கால்ல நான் ஆடுறதையே என் வீட்டுக்காரி சகிச்சுக்கிட்டா. ஒத்தக் கால்ல ஆடினா கைதட்டுவா" என்றான். ஊருக்குப் போய் சைக்கிள் ரிப்பேர் கடை வைக்கப்போகிறானாம். அதற்குக் கைதானே முக்கியம் என்றான். பஞ்சுகூடச் சிரித்துவிட்டான். பல மாதம் கழித்து அந்த வண்டியில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

ஓடை வந்தது. ஓரங்கட்டினேன்.

முன்மூடியைத் திறந்தேன். அவன் உள்ளிருந்து பாடினான். எனக்கும் தெரிந்த பாட்டுதான். இரண்டாவது அடியை நான் எடுத்துக்கொண்டேன், மட்கார்டில் தாளம் போட்டேன். வெயில் இதமாக இருந்தது. பஞ்சு முதலில் கூப்பிட்டான், பிறகு கத்தினான், பிறகு கெஞ்சினான். அவனால் இறங்கி வர முடியாது. கையை எடுத்தால் ரத்தம் பீறிடும். அவனுக்கு வண்டி ஓட்டவும் தெரியாது.

"அண்ணே, எப்பக் கிளம்புவோம்?" என்று பாலத்துக்காரன் கேட்டான், ரொம்ப மரியாதையாக.

"இதோ கிளம்பிட்டோம் தம்பி. நீ பாடு."

"கோட்டைத்தான் எடுத்துட்டாங்களேண்ணே" என்றான் பஞ்சு. "எடுத்துட்டாங்களே. எதுக்குண்ணே நிறுத்துறீங்க?"

அடுத்த அடியை நான் தனியாகத்தான் பாட வேண்டியிருந்தது. பாடி முடித்துவிட்டு மூடியைச் சாத்தினேன். கம்பத்தைத் தாண்டும்போதும் பஞ்சு கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் சேர்ந்து அவன் விரல்களைப் பிரித்தார்கள். அவன் கழுவாத கையோடு நேராக உங்களிடம் வந்தான்.

நீங்களும் பஞ்சு கேட்டதையேதான் கேட்டீர்கள். முதலில், புது உத்தரவு நிலைக்குமோ நிலைக்காதோ என்று பயந்தேன் என்றேன். நீங்கள் தலையை ஆட்டவில்லை. பிறகு, ஒரு காலோடு உயிரோடு இருக்கிறவனுக்குக் கொடுப்பது செத்தவன் குடும்பத்துக்குக் கொடுப்பதைவிடக் குறைவு, அதை இன்னும் மாற்றவில்லை என்றேன். அது உண்மைதான், விசாரித்துப் பாருங்கள். ஆனால் அன்றைக்கு ஓடைக்கரையில் எனக்கு அது ஞாபகத்தில் இல்லை.

கொட்டகையில் எல்லாரும் ஆடினார்கள் என்று சொன்னேன் அல்லவா. தங்கை என்னை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அடுத்தவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். எல்லாரும் ஒலிபெருக்கிக்காரிக்கு நன்றி சொன்னார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், அந்த நலப்பிரிவு அதிகாரிக்குக்கூடச் சொன்னார்கள். நான் சைரனை நிறுத்திவிட்டு டயருக்குக் காற்று அடிக்கப் போனேன். அதற்குப் பிறகு என்னை யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. செத்த இடத்தை வைத்து இனிமேல் யாருக்கும் எதுவும் மாறப்போவதில்லை. பாலத்துக்காரன் பாடிக்கொண்டு வந்தபோது, அவன் வீட்டு வாசல் என் கண் முன்னால் வந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வருகிறாள், கையைத் துடைத்துக்கொள்கிறாள்.

அவன் பிழைத்திருப்பான். சர்ஜன் உங்களிடம் சொன்னது சரி. சாகப்போகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் அப்படிப் பாட மாட்டார்கள். அவனைக் கொன்றது நான். டிரைவரையும் நான்தான். இன்னும் சிலரையும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டியது எதுவும் இல்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு உதவி, ஐயா. பாலத்துக்காரன் மனைவி வெளியே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பதாக உங்கள் வாசல் காவலர் சொன்னார். பாவம், வேறு யாரையும் பார்க்க மாட்டேன், என்னைத்தான் பார்க்க வேண்டும் என்கிறாளாம். உள்ளே வரச்சொல்லுங்கள். நன்றி சொல்லாமல் போக அவளுக்கு மனசு வராது.